மசூன்டேயில் நிம்மதியாகச் சில நாள்: மெக்சிகோவின் சிறிய கடற்கரை ஊரில் தங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

மெக்சிகோவின் தெற்கே, பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில் இருக்கிறது மசூன்டே. ஒரே ஒரு முக்கியச் சாலை, இரண்டு மூன்று சிறு வளைகுடாக்கள், குன்றுகளின் மேல் ஓலைக்கூரை வீடுகள். ஊர் அவ்வளவுதான். அங்கே போய் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகவே ஆட்கள் போகிறார்கள்.

ஆனால் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமானால் சில வேலைகளை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அங்கே சிரமப்படுகிறவர்களைக் கவனித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள், வரிசை மாற்றிச் செய்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்த பிறகு விசாவைப் பார்ப்பது, ஊருக்குள் போன பிறகு ஏடிஎம் தேடுவது, கடலைக் கவனிக்காமலே இறங்குவது. அதனால் கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

ஒரு வாரத்துக்குக் குறைவாகத்தான் நேரம் இருக்கிறது என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். போய்ச் சேரவும் உடம்பு பழகவுமே இரண்டு மூன்று நாள் கழிந்துவிடும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதில் செப்டம்பரில் மழை கடுமை. புயலும் இந்தக் காலத்தில்தான். 1997 அக்டோபரில் பாலின் புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டது. 2022 மே 30 அன்று அகதா புயல் புவர்ட்டோ ஆங்கெல் ஊருக்குச் சற்று மேற்கே, ஏறக்குறைய மசூன்டேயின் வாசலிலேயே கரையேறியது. ஆகவே மே கடைசியையும் பாதுகாப்பான காலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாத வெயிலும் புழுக்கமும் நம் கத்திரிக்குக் குறைந்தவை அல்ல.

மழை இல்லாத காலத்திலும் இரண்டு இடைவெளிகளைத் தவிருங்கள். ஒன்று, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 6 வரை. இன்னொன்று, ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும். மெக்சிகோவே கடற்கரைக்கு வரும் நாள்கள் அவை. அறை வாடகை ஏறும், ஏடிஎம் காலியாகும், இரவெல்லாம் பாட்டுச் சத்தம் கேட்கும்.

என்னைக் கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. வெயில் தாங்கும்படி இருக்கும், கொசு குறைவு, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையோரமாகப் போகும் காலமும் அதுதான். ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வருவதைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்

மேற்கிலிருந்து கிழக்காக ஒரே சாலையில் வென்டனீயா, மசூன்டே, சான் அகுஸ்தினீயோ, சிபோலிடே, புவர்ட்டோ ஆங்கெல் என்று ஊர்கள் வரும். அடுத்தடுத்து இருந்தாலும் குணம் வேறு.

மசூன்டேயில் யோகா வகுப்பு, சிறு உணவகங்கள், முதுகுப்பையோடு வரும் இளைஞர்கள். தனியாகப் போகிறவர்களுக்கும் தம்பதிகளுக்கும் ஏற்றது. சான் அகுஸ்தினீயோ இன்னும் அமைதி. மீனவர் படகுகள் கரையில் நிற்கும், இரவு சீக்கிரம் அடங்கிவிடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே தங்குவது நல்லது. மசூன்டேக்கு நடந்தே வந்துவிடலாம்.

சிபோலிடே ஆடையின்றி இருக்க அனுமதியுள்ள கடற்கரை. அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் சங்கடம். அந்த ஊர் பிடித்துத் தங்குகிறவர்கள் நிறைய. ஆனால் தெரிந்தே போங்கள். அங்கே கடற்கரையில் யாரையும் படம் எடுக்கக் கூடாது.

ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அங்கேயே இருங்கள். மூன்று நாளுக்கு ஒரு ஊர் என்று திட்டம் போட்டால் பெட்டி கட்டுவதிலேயே விடுமுறை போய்விடும்.

3. டிக்கெட்டுக்கு முன்னால் விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். இரண்டும் இல்லாதவர்கள் மெக்சிகோ தூதரகத்தில் முன்பதிவு செய்து, நேரில் போய் வாங்க வேண்டும். இந்தியாவில் தூதரகம் புதுதில்லியில். நேரம் கிடைப்பதே தாமதமாகலாம் என்பதால், விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, கையில் ஐ-797 ஒப்புதல் தாள் மட்டும் இருக்கும். மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்ப அந்தத் தாளை வைத்துச் சில நிபந்தனைகளோடு வழி உண்டு. ஆனால் மெக்சிகோவுக்குள் நுழைய அது போதாது. முத்திரை காலாவதியானவர்கள் மெக்சிகோ விசா எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பெட்டி போடும் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாகத் தெரியலாம். அங்கே விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். இல்லாதவர்கள் ஐரோப்பா வழியாகத் தேடுங்கள். அங்கும் இடைமாற்று விசா தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. விமானம்: மெக்சிகோ நகரில் இரண்டு நிலையங்கள் உண்டு

மசூன்டேக்குப் பக்கத்து விமான நிலையம் வத்துல்கோ. சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அடுத்தது புவர்ட்டோ எஸ்கோன்டிடோ. அது கொஞ்சம் அதிக தூரம். இரண்டுக்கும் மெக்சிகோ நகரிலிருந்து ஒன்றே கால் மணி நேரம்தான் பறக்க வேண்டும்.

சிக்கல் மெக்சிகோ நகரில். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் பெனிட்டோ ஹுவாரெஸ் நிலையத்தில் இறங்கும். 2022-இல் திறந்த ஃபெலிப்பே ஆங்கெலஸ் நிலையம் நகருக்கு வடக்கே, சுமார் 45 கிலோமீட்டரில். மலிவான உள்நாட்டு டிக்கெட் சில சமயம் அங்கிருந்து கிளம்பும். வெளிநாட்டு டிக்கெட்டையும் உள்நாட்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்குகிறவர்கள், ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதை அங்கே போய்த்தான் கவனிக்கிறார்கள். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இறங்கிய அன்று மெக்சிகோ நகரிலேயே ஓர் இரவு தங்குவது நல்லது. இந்தியாவுக்கும் அங்கேக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், பகல் இரவாகிவிடும். நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் படி ஏறினாலே மூச்சு வாங்கும். தூங்கி எழுந்து மறுநாள் காலை விமானத்தைப் பிடித்தால், வெளிச்சம் இருக்கும்போதே மசூன்டே போய்விடலாம். வெளிச்சத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் மேல் இருக்கும் அறைக்குப் பெயர்ப்பலகை இல்லாத மண்பாதையில் இருட்டில் பெட்டி தூக்கிக்கொண்டு அலைவது நல்ல தொடக்கம் இல்லை.

நுழைவில் அதிகாரி எத்தனை நாள் எழுதிக் கொடுக்கிறார் என்று அங்கேயே பாருங்கள். அதிகபட்சம் 180 நாள். ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு கொடுப்பதில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் அச்சிட்டுக் கையில் இருந்தால் கேள்வி குறையும்.

5. அறை: முதல் மூன்று இரவுக்கு மட்டும்

படத்தில் எல்லா அறையும் அழகாகத்தான் இருக்கும். முதல் மூன்று இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். பிடித்தால் நீட்டிக்கலாம், இல்லாவிட்டால் நடந்துபோய் நாலு இடம் பார்த்து மாறலாம். நேரில் பேசினால் ஒரு வாரத்துக்கு வாடகை குறையவும் வாய்ப்புண்டு. இந்த யோசனை நெரிசல் நாள்களுக்குப் பொருந்தாது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முழுவதையும் முன்பே பதிந்தாக வேண்டும்.

பதியுமுன் வாட்ஸ்அப்பில் சில கேள்விகள் கேளுங்கள். அங்கே பெரும்பாலானவர்கள் அதில்தான் பதில் சொல்கிறார்கள்.

அறைக்குப் போக எத்தனை படி? குன்றின் மேலுள்ள இடங்களில் காற்றும் காட்சியும் அருமை, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அங்கே இடமில்லை. கட்டிலுக்குக் கொசுவலை உண்டா? பலாப்பா என்கிற ஓலைக்கூரை அறைகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். காற்று வருவதற்காக விட்டது. கொசுவும் அதே வழியில் வரும். வலை இருந்தால் கவலை இல்லை. மின்விசிறி எங்கே இருக்கிறது? வலைக்கு உள்ளே காற்று படும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் மதுக்கடை உண்டா? வேலையும் பார்ப்பதாக இருந்தால், இணையம் எந்த வகை, மின்சாரம் போனால் அதுவும் போகுமா?

தண்ணீர் பெரும்பாலும் கூரைத் தொட்டியிலிருந்து வரும், அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். கழிவறைத் தாளைப் பக்கத்தில் இருக்கும் கூடையில்தான் போட வேண்டும். உள்ளே போட்டால் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொள்ளும். முதல் நாளே இதைத் தெரியாமல் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

6. பணம்: ஊருக்குள் நுழையும் முன்

இந்தப் படியைத் தள்ளிப்போட்டவர்கள்தான் அங்கே அதிகம் தவிக்கிறார்கள். மசூன்டே பக்கம் ரொக்கம்தான் ஓடுகிறது. ஏடிஎம் எண்ணிச் சொல்லும்படி இருக்கும். அதிலும் பணம் இல்லாத நாள் வரும், கட்டணமும் அதிகம். முறையான வங்கிகள் இருக்கும் பக்கத்து ஊர் பொச்சூட்லா. அதனால் மெக்சிகோ நகரிலேயோ வத்துல்கோ விமான நிலையத்திலேயோ ஒரு வாரச் செலவுக்கு பெசோ எடுத்துவிடுங்கள். மீதியைப் பொச்சூட்லா வங்கியில் எடுக்கலாம்.

ஏடிஎம் திரையில் கடைசியாக ஒரு கேள்வி வரும்: இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா? உங்கள் நாட்டு நாணயத்தில் தொகையைக் காட்டி, ஏற்கும்படி கேட்கும். மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும். உங்கள் வங்கியின் விகிதத்தில் கழியும். ஏற்றுக்கொண்டால் அந்த ஏடிஎம் சொல்லும் விகிதம்தான், அது எப்போதும் நமக்கு நஷ்டம். மறுத்தால் பணம் வராது என்று பயந்துதான் பலர் ஏற்கிறார்கள்.

இயந்திரம் பெரும்பாலும் 500 பெசோ தாள்களாகக் கொடுக்கும். தேங்காய் விற்கும் அம்மாவிடம் அதற்குச் சில்லறை இருக்காது. பெரிய கடையிலும் தங்குமிடத்திலும் 500-ஐ மாற்றி, 20, 50, 100 தாள்களை வண்டிக்கும் சிறு கடைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

உணவுப் பட்டியலில் விலைக்கு முன்னால் டாலர் குறி போட்டிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். பெசோவுக்கும் அதே குறிதான்.

இரண்டு வங்கி அட்டைகள் கொண்டுபோய், ஒன்றை அறையிலேயே வையுங்கள். இயந்திரம் ஓர் அட்டையை விழுங்கிவிட்டால், இன்னொன்று வந்துசேர அந்த ஊருக்கு முகவரிகூடச் சரியாக இருக்காது.

7. பெட்டி

சுவர் மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்கா மாதிரி தட்டையான இரண்டு முனை. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இணைப்பான் வேண்டும். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் வேலை செய்யும்; 230 வோல்ட் கெட்டில், ரைஸ் குக்கர் சரியாகச் சூடாகாது, தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

தலையில் மாட்டும் விளக்கு, கொசு விரட்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உப்புநீர் பட்டாலும் கழன்றுவிடாத செருப்பு, நீந்துவதற்கென்று உடம்போடு ஒட்டிய உடை. கடைசிச் சாமான் ஏன் முக்கியம் என்பதைக் கடல் பற்றிய படியில் சொல்கிறேன்.

விதை, பழம், பச்சைக் காய்கறி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். சுங்கத்தில் பறிமுதல் ஆகும்.

8. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு

வத்துல்கோ நிலையத்துக்கும் ஓலைக்கூரைதான். உள்ளே அங்கீகரிக்கப்பட்ட டாக்ஸி கவுன்டர் உண்டு. கட்டணம் நிர்ணயம் ஆனது, விலை அதிகம். பெட்டிகளும் பிள்ளைகளுமாக இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். முதுகுப்பை மட்டும் இருந்தால் வாசலைத் தாண்டி நெடுஞ்சாலை 200 வரை நடந்தால் போதும். அங்கே நிற்கும் டாக்ஸி மலிவு. பொச்சூட்லா போகும் பேருந்தும் பகிர்வு டாக்ஸியும் அங்கேயே வரும். பகிர்வு டாக்ஸிக்கு கொலெக்டிவோ என்று பெயர்.

பொச்சூட்லாவில் இறங்கி வங்கி வேலையை முடித்துக்கொண்டு, கமியோனேட்டா எடுக்கலாம். பின்பக்கம் இரண்டு வரிசை பலகை, மேலே தார்ப்பாய் போட்ட சிறு லாரி. கடலோரச் சாலையில் ஊர் ஊராக நின்று போகும். இறங்கும்போது கூரைக் கம்பியில் தட்டினால் ஓட்டுநர் நிறுத்துவார். அதற்குத்தான் சில்லறை.

வஹாக்கா நகரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் புவர்ட்டோ எஸ்கோன்டிடோவுக்குப் புது நெடுஞ்சாலை திறந்த பிறகு அந்தப் பயணம் மூன்று மணி நேர அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய 175-ஆம் சாலை மலை ஏறி இறங்கி நேராகப் பொச்சூட்லா வருகிறது. ஆறு மணி நேரம், வளைவுக்குமேல் வளைவு. வரைபடத்தில் அது குறுக்குவழிபோலத் தெரியும். வண்டியில் வாந்தி வருகிறவர்கள் புதுச் சாலையில் எஸ்கோன்டிடோ போய், அங்கிருந்து கடலோரமாகக் கிழக்கே வாருங்கள்.

9. முதல் நாள் கடலில் இறங்காதீர்கள்

கடலைப் பார்த்ததும் ஓடிப்போய் இறங்கத்தான் தோன்றும். முதல் நாள் மணலில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலை ஒரே சீராக வருவதில்லை. சின்ன அலைகள் கொஞ்ச நேரம், பிறகு பெரிய அலைகள் நான்கைந்து சேர்ந்தாற்போல், மறுபடி அமைதி. அந்த அமைதியில் வந்து பார்க்கிறவர், கடல் சாதுவாக இருக்கிறது என்று நம்பி இறங்குகிறார். அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்தால்தான் முழுச் சுற்றும் தெரியும்.

அடுத்து, அலை உடையும் வெள்ளை நுரையைப் பாருங்கள். இரண்டு நுரைப் பகுதிக்கு நடுவே, அலை உடையாமல் கொஞ்சம் கறுத்த நிறத்தில் ஒரு பாதை தெரியும். மேற்பரப்பு அமைதியாக இருப்பதால் குளிக்க ஏற்ற இடம் அதுதான் என்று தோன்றும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. இழுவை அங்கேதான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது உள்ளே கொண்டுபோய்விடும்.

இழுவையில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். களைப்புதான் ஆளை மூழ்கடிக்கிறது. மிதந்துகொண்டு ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். வாய்க்கால் குறுகலாகத்தான் இருக்கும். அதைத் தாண்டியதும் அலையே கரைக்குத் தள்ளும்.

நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு: கைகோத்துக்கொண்டு முழங்கால் அளவு நீரில், முதுகைக் கடலுக்குக் காட்டி, படத்துக்கு நிற்பது. மெரினாவில் நிற்பதுபோல இங்கே நிற்க முடியாது. கரை சட்டென்று சரிகிறது; அலை காலடியிலேயே உடைந்து ஆளைத் தூக்கிப் போடும். புடவை, சுடிதார், ஜீன்ஸ் நனைந்தால் கனம் கூடி எழுந்திருக்க விடாது. அதனால்தான் நீச்சல் உடை வேண்டும் என்றேன்.

எங்கே குளிக்கலாம்? மசூன்டேயின் மேற்கு மூலையில் ரின்கோன்சீத்தோ என்ற பகுதி, முனையின் மறைவில் இருப்பதால் அலை குறைவு. சான் அகுஸ்தினீயோவிலும் பாறைகளை ஒட்டிய பகுதிகளில் அலை அடங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு இவ்விரண்டு இடங்களே போதும். சூரியன் மறைவதைப் பார்க்க மெர்மெஹீத்தா கரைக்குப் போங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். சிபோலிடேயின் இழுவை பேர்போனது; அங்கே உயிர்காப்பாளர்களும் கொடிகளும் உண்டு, சிவப்புக் கொடி என்றால் கால்கூட நனைக்க வேண்டாம்.

ஆறோ உப்பங்கழியோ கடலில் சேரும் இடங்களில் அலையே இல்லாமல் குளம்போல இருக்கும். அங்கே முதலைகள் உண்டு. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் இறங்கும் முன், கரையில் கடை வைத்திருப்பவரிடமோ படகுக்காரரிடமோ இன்றைக்குக் கடல் எப்படி என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கையைக் கடல் பக்கம் காட்டிக் கேட்டால் போதும். அவர்கள் வேண்டாம் என்று தலையாட்டினால் அன்று ஊஞ்சல் வலைதான்.

10. சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு கவலையும் இல்லை. காலையில் பிடித்தது மத்தியானம் தட்டில் வரும். எந்த மீன் இன்றைக்கு வந்தது என்று கேட்டு, அதையே வாங்குங்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குமேல்தான் அங்கே முக்கியச் சாப்பாடு. சின்னச் சமையலறைகளில் அன்றைய சாப்பாடு என்று ஒரு விலைக்குச் சூப், சோறு, ஒரு கறி, பழரசம் எல்லாம் தருவார்கள். கடற்கரை உணவகத்தைவிடப் பல மடங்கு நியாயமான விலை. சாலையின் உள்பக்கம், ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

சைவர்கள் செய்யும் பிழை, இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது. கண்ணுக்குத் தெரியாமல் மூன்று இடங்களில் அது வரும். பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது உண்டு. சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பது உண்டு. வஹாக்காவின் பெருமையான த்லயூடா, பெரிய மொறுமொறு சோளரொட்டி, அதன்மேல் முதலில் தடவுவது அசியெந்தோ என்ற பன்றிக்கொழுப்பு அடிக்கசடு. பழுப்பு நிறத்தில் மெல்லிய பூச்சாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது.

ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் போய்யோ, சின் மன்டேகா, சின் அசியெந்தோ. இறைச்சி, கோழி, கொழுப்பு, அந்தக் கசடு எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். நாலையும் சொல்ல வேண்டும். முகம் சுளிக்க மாட்டார்கள். பல அம்மாக்கள் எண்ணெயில் தனியாகச் செய்தே தருவார்கள். மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்கள் "ரெஸ்" என்ற சொல்லைப் பட்டியலில் தேடி ஒதுக்குங்கள்.

பாலாடைக்கட்டியைத் திரித்துச் சுற்றிய கேசீயோ, அதை வைத்து மடித்த ரொட்டியான கேசடியா, பூசணிப்பூ, முட்டை, அவகாடோ, பப்பாளி, மாம்பழம் என்று சைவத்துக்கு நிறையவே இருக்கிறது. புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டுக் குளிரவைத்துத் தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். மேசையில் இருக்கும் காரச் சட்னியை நம் ஊர்க் காரம்தானே என்று அள்ளி ஊற்றாதீர்கள். சிறு துளி வைத்துப் பாருங்கள், ஹபனேரோ மிளகாயின் உறைப்பு வேறு வகை.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 20 லிட்டர் கேன் எல்லாத் தங்குமிடத்திலும் இருக்கும்; பாட்டிலை அதில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்: காலையில் புவெனோஸ் தீயாஸ், மத்தியானத்துக்குமேல் புவெனாஸ் தார்தேஸ். சொல்லாமல் நேராக விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். சொன்னவர்களுக்குக் கிடைக்கும் முகமலர்ச்சியே வேறு.

11. மூன்றாம் நாளுக்குப் பிறகு வெளியே போங்கள்

ஒரு நாளுக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம். வெளியே போன மறுநாள் சும்மா இருக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

புந்தா கொமேத்தா என்ற பாறைமுனை மசூன்டேயிலிருந்து அரை மணி நேர நடை. மூன்று பக்கமும் கடல். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், பாதையில் விளக்கில்லை, தலைவிளக்கு வேண்டும். கீழே பாறைகளுக்கு நடுவே குளம்போலத் தேங்கும் நீரில் அலை திடீரென்று பாயும். மேலே நின்றே பாருங்கள்.

வென்டனீயாவில் ஊர்க் கூட்டுறவுக்காரர்கள் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் அழைத்துப் போகிறார்கள். மோட்டார் இல்லாததால் பறவைகள் பறந்துவிடாது; முதலையைப் பாதுகாப்பாகப் பக்கத்தில் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குள் போனால் வெயிலும் குறைவு.

கடலில் டால்பின், ஆமை, திமிங்கிலம் பார்க்கப் படகுகள் விடியற்காலையில் கிளம்பும். வெயில் ஏற ஏறக் காற்று எழுந்து படகு ஆடும். மத்தியானப் பயணம் மலிவு என்று சொன்னாலும் வேண்டாம். ஆமையைத் தொட்டுப் பார்க்கலாம், கூடவே குதிக்கலாம் என்று சொல்லும் படகில் ஏறாதீர்கள். மெக்சிகோ 1990-இல் கடலாமை வேட்டையைத் தடை செய்தது. அதுவரை ஆமை பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் இன்று ஆமையைக் காட்டிப் பிழைக்கின்றன. நாம் தரும் கட்டணம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

இங்கே வருவது பெரும்பாலும் நம் சென்னைக் கரைக்கும் வரும் அதே பங்குனி ஆமை. மேற்கே எஸ்கோபீயா கரையில் ஜூலை முதல் டிசம்பர் வரை சில இரவுகளில் ஆயிரக்கணக்கில் ஏறும். தேதி யாராலும் உறுதி சொல்ல முடியாது. உள்ளூர் வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டும். ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் இடங்களில் குஞ்சைக் கையால் தூக்காதீர்கள், கையில் பூசிய களிம்பு அதற்குக் கெடுதல். ஃபிளாஷ் அடித்தால் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும். மசூன்டே ஊருக்குள்ளேயே ஆமை மையம் ஒன்றும் இருக்கிறது. வெயில் நேரத்துக்கு ஏற்ற இடம்.

12. உடம்பு

செருப்பையும் துணியையும் உதறிப் போடுங்கள், தேள் உண்டு. கொட்டினால், குறிப்பாகக் குழந்தையை, காத்திருக்காமல் பொச்சூட்லா பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவசர எண் 911. கொசு டெங்குவைப் பரப்பும், அது பகலிலும் கடிக்கும்; அதனால் பகலிலும் மாலையிலும் முழுக்கைச் சட்டை. வயிறு கெட்டால் ஓ.ஆர்.எஸ்.; மருந்துக்கடையில் "சுவேரோ" என்று கேட்டால் பாட்டிலாகவே கிடைக்கும்.

தினமும் மாத்திரை எடுக்கிறவர்கள் திரும்பும் நாளுக்குமேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். புயலோ நிலச்சரிவோ சாலையை அடைத்தால் ஊரில் மாட்டிக்கொள்வது நடக்கக்கூடியது.

13. கிளம்பும் நாள்

வண்டியை முந்தின நாள் மாலையே தங்குமிடத்தில் சொல்லி உறுதி செய்யுங்கள். விடியற்காலையில் சாலையில் நின்றால் கமியோனேட்டா வரலாம், வராமலும் போகலாம். விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் அறையை விட்டுக் கிளம்பினால் வழியில் சாலை வேலை நடந்தாலும் சமாளிக்கலாம்.

வத்துல்கோவிலிருந்து மெக்சிகோ நகரம் போய், அதே நாளில் வெளிநாட்டு விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம். காலை விமானம் தாமதமானால் அன்றைக்கு அடுத்த விமானத்தில் இடம் கிடைப்பது அரிது. முந்தின நாளே நகரத்துக்குப் போய் ஓர் இரவு தங்குங்கள். நுழையும்போது தாள் படிவம் ஏதாவது கொடுத்திருந்தால் அதை வெளியேறும்போது திருப்பித் தர வேண்டும். தொலைத்தால் குடிவரவு அலுவலகத்தில் பணம் கட்டி மாற்றுத்தாள் வாங்க நேரம் போகும். கடவுச்சீட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள்.